ஒன்றுக்கு ஒன்றரை: ஒரு சமையற் குறிப்பின் மீது திறனாய்வு

கவிதையைத் திறனாய்வு செய்கிறோம். கதையையும் நாடகத்தையும் அலசுகிறோம். ஆனால் இந்நாட்டில் நாள்தோறும் மிகுதியாகப் படிக்கப்பட்டு, படித்தவாறே செய்தும் பார்க்கப்படும் ஓர் எழுத்து வகையை யாரும் திறனாய்வு செய்வதில்லை. அதுதான் சமையற் குறிப்பு. கவிதை பிழையானால் ஏட்டை மூடி வைத்துவிடலாம். சமையற் குறிப்பு பிழையானால் அடுப்படியில் நிற்பவர் தலையில் பழி விழும். ஆகவே இத்திங்கள் அத்தகைய குறிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, வரி வரியாக இயற்பியல் கண்ணோட்டத்தில் ஆராய்வோம்.

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்த ஒரு துண்டுத்தாளே நம் மூலநூல். அதன் சாரம் இது: பாசுமதி அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊற வைக்கவும். வடித்தெடுத்து, ஒரு கப் அரிசிக்கு ஒன்றரைக் கப் வீதம் நீர் ஊற்றவும். உப்பும் நெய்யும் சேர்த்தால் சோறு ஒட்டாது. கொதி வந்ததும் மூடி 12 நிமிடம் வேக விடவும். குக்கராயின் ஒரு விசில் போதும். அரிசி பழையதாக இருந்தால் மணம் கூடும். இதே குறிப்பைச் சொல் சிறிது மாறி எத்தனையோ இடங்களில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. வந்தவர்கள் இருபது பேர். ஞாயிறுதோறும் ஒரு கப் அரிசியில் அழகாகச் சமைக்கும் அம்மா, அன்று அதே குறிப்பின்படி பத்துக் கப் அரிசிக்குப் பதினைந்து கப் நீர் ஊற்றினார். சோறு குழைந்துவிட்டது. மேலே பசை, கீழே களி. "கை தவறிப்போச்சு போல" என்றார் உறவினர் ஒருவர். "என் கையே சரியில்ல" என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார். அதன்பின் எந்த விசேடத்துக்கும் அவர் சோறு வடிக்கவில்லை, வெளியாளை அழைத்தோம். கல்லூரியில் வெப்பவியல் நடத்தும் நானும் அந்தப் பந்தியில் அமர்ந்து உண்டவன்தான். ஒரு சொல்லும் சொல்லவில்லை. இக்கட்டுரை ஒரு வகையில் அந்த மௌனத்துக்கான கடன்.

எந்த அரிசி?

குறிப்பின் முதற்சொல்லிலேயே ஒரு குறை இருக்கிறது. 'பாசுமதி' என்பது ஒரே ஓர் அரிசியின் பெயர் அன்று. இமயமலை அடிவாரத்தை ஒட்டிய சமவெளிகளில் விளையும் நீண்ட மணமுள்ள அரிசிக் குடும்பத்தின் பெயர் அது. பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் முதலிய பகுதிகளும் எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் பஞ்சாபும் அதன் தாயகம். இந்தியாவில் 2016-ல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பாசுமதி எனப்பட, உமியும் தவிடும் நீக்கிய அரிசியின் சராசரி நீளம் குறைந்தது 6.61 மி.மீ. இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. சமைத்தால் அகலத்தில் அதிகம் பெருக்காமல் ஏறத்தாழ இரு மடங்கு நீளுவது அதன் சிறப்பு.

ஆனால் பழைய மரபு வகை ஒன்று. தில்லியிலுள்ள வேளாண் ஆய்வுக் கழகம் உருவாக்கி 2003-ல் வெளிவந்த பூசா 1121 என்னும் மிக நீண்ட வகை மற்றொன்று. இவை தவிர, நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காய வைத்த 'செல்லா' என்னும் புழுங்கல் பாசுமதியும் கடையில் கிடைக்கிறது. அது கூடுதல் நேரம் ஊறவேண்டும். வேகவும் கூடுதல் நேரமும் நீரும் கேட்கும். எந்த அரிசி என்று சொல்லாமல் அளவு மட்டும் சொல்வது, நோயாளியைப் பாராமல் மருந்தெழுதுவது போலாகும்.

ஊற வைத்தல்: குறிப்பின் சிறந்த வரி

குறை மட்டும் சொல்வது திறனாய்வு ஆகாது. 'அரை மணி நேரம் ஊற வைக்கவும்' என்ற வரி முழு மதிப்பெண்ணுக்கு உரியது.

காய்ந்த அரிசியில் ஏறத்தாழ 12 விழுக்காடு ஈரம் உண்டு. குளிர்ந்த நீரில் ஊறினால் அது 30 விழுக்காடு அளவுக்கு உயரும். நீர் அரிசிக்குள் புகுவது விரவல் என்னும் மெதுவான நிகழ்ச்சி. இதற்கு வேண்டிய காலம் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிப்பு இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். பாசுமதியின் அகலம் 2 மி.மீ.க்குள் அடங்குவதால் அரை மணியில் நீர் நடுப்பகுதியைப் பெரும்பாலும் எட்டிவிடும்.

ஊறாத அரிசியைக் கொதிநீரில் போட்டால் என்ன ஆகும்? வெப்பம் விரைவாக உள்ளே செல்லும். நீர் அவ்வளவு விரைவாகச் செல்லாது. ஏறத்தாழ 70° செ. அளவில் மாவுப் பொருள் நீரை உறிஞ்சி ஊதிப் பசையாகும். உள்ளே நீரில்லாத நடுப்பகுதி விறைப்பாக நிற்க, வெளிப்பகுதி மட்டும் பசையாகிக் கரையத் தொடங்கும். நடு வேகும்வரை காத்திருந்தால் வெளிப்பக்கம் குழைந்துவிடும். ஊறிய அரிசியிலோ நீர் முன்னரே உள்ளே காத்திருக்கிறது; வெப்பம் வந்தவுடன் முழுதும் ஒருசேர வேகிறது. வேகும் நேரமும் குறைகிறது. இந்த நேரக் குறைவு மணத்துக்கும் நல்லது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒன்றுக்கு ஒன்றரை: எங்கே பிழை?

இனி வளைகாப்பைக் கெடுத்த வரிக்கு வருவோம். ஒரு சமையலறைத் தராசு வாங்கி, எங்கள் வீட்டு அரிசியையும் நீரையும் நானே நிறுத்துப் பார்த்தேன். அளவுகள் வருமாறு:

240 மி.லி. கப்பில் தலைதட்டி எடுத்த அரிசி 200 கிராம். அரை மணி ஊறி வடித்தபின் 260 கிராம். ஊற்றிய நீர் ஒன்றரைக் கப், அதாவது 360 மி.லி. ஆகமொத்தம் 620 கிராம். வெந்து பொலபொலவென்று வந்த சோறு 500 கிராம். மீதி 120 கிராம் எங்கே? ஆவியாகிப் போயிற்று.

இப்போது கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஊறிய அரிசி வேகும்போது உறிஞ்சிய நீர் 240 மி.லி.; சரியாக ஒரு கப். ஆவியானது 120 மி.லி.; அரைக் கப். ஆகவே ஒன்றரைக் கப் என்பது ஓர் எண் அன்று. இரண்டு எண்களின் கூட்டல். இவ்விரண்டும் இருவேறு காரணங்களைச் சார்ந்தவை. உறிஞ்சும் நீர் அரிசியின் அளவைப் பொறுத்தது. அரிசி இரு மடங்கானால் அதுவும் இரு மடங்காகும். ஆவியாகும் நீரோ அரிசியைப் பொறுத்ததன்று. தீயின் அளவு, மூடியின் பொருத்தம், கொதிக்கும் நேரம் ஆகியவையே அதைத் தீர்மானிக்கின்றன. அரிசி இரு மடங்கானால் ஆவி இரு மடங்காக வேண்டும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பள்ளிக் கணிதத்தில் சொன்னால், இது y = mx வகைச் சமன்பாடு அன்று; y = mx + c வகை. குறிப்பு எழுதியவர் c-யை மறந்து, அதை m-உடன் சேர்த்து எழுதிவிட்டார். x = 1 என்னும்போது இரண்டும் ஒரே விடை தருவதால் பிழை வெளியே தெரியவில்லை. ஞாயிறுதோறும் அம்மா வெற்றி பெற்றதன் காரணம் இதுவே.

பத்துக் கப்புக்குப் பார்ப்போம். உறிஞ்ச வேண்டியது 10 கப். பெரிய பாத்திரம், பெரிய அடுப்பு, நீண்ட நேரம். ஆகவே ஆவி சற்றுக் கூடும். அதை 2 கப் என்று கொள்வோம். தேவை 12 கப். ஊற்றியதோ 15 கப். மிகுதி 3 கப், அதாவது முக்கால் லிட்டருக்குச் சற்றே குறைவு. அந்த நீர் போக இடமின்றி அரிசிக்குள்ளேயே புகுந்தது. சோறு குழையாமல் வேறு என்ன செய்யும்?

எதிர்ப்பக்கமும் பாருங்கள். விடுதி அறையில் தனியாகச் சமைக்கும் மாணவர் ஒருவர் அரைக் கப் அரிசி வைக்கிறார். குறிப்பின்படி முக்கால் கப் நீர் ஊற்றுகிறார். உறிஞ்ச வேண்டியது அரைக் கப். ஆவியாவது அரைக் கப். தேவை ஒரு கப். கால் கப் குறைகிறது. சோறு விறைத்து அடிப்பிடிக்கிறது. "எனக்குச் சமையல் வராது" என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். ஒரே பிழை ஒருவருக்குக் களியையும் மற்றவருக்குக் கருகலையும் தருகிறது. இருவரும் தம்மையே நொந்துகொள்கிறார்கள்.

நம் பாட்டிமார் அரிசிக்கு மேல் ஒரு விரல் கணு உயரம் நீர் நிற்கட்டும் என்பார்கள். இம்முறையில் அரிசியோடு வளரும் நீர் பருக்கைகளின் இடையே நிற்கிறது. மேலே நிற்கும் கணு உயர நீர் பாத்திரத்தின் வாய் அகலத்தை மட்டும் பொறுத்தது. எண்கள் அவரவர் பாத்திரத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பது உண்மை. பாத்திரம் மாறினால் கணுவும் பொய்க்கும். ஆனால் வடிவில் அது நம் mx + c தான்! அச்சிட்ட குறிப்பைவிட அந்த விரல் இயற்பியலுக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது.

உப்பு, நெய், தீ

'உப்பும் நெய்யும் சேர்த்தால் சோறு ஒட்டாது' என்கிறது குறிப்பு. உப்பு சேர்த்தால் நீரின் கொதிநிலை உயர்ந்து அரிசி நன்றாக வேகும் என்று இதற்கு விளக்கம் சொல்வோரும் உண்டு. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி, அதாவது 6 கிராம் உப்பு கரைத்தால் கொதிநிலை உயர்வு ஏறத்தாழ 0.1° செ. மட்டுமே. ஒரு டிகிரி உயரவேண்டுமாயின் லிட்டருக்கு 57 கிராம் உப்பு வேண்டும். அந்தச் சோற்றை வாயில் வைக்க முடியாது. உப்பு சுவைக்காகச் சேரட்டும்; அதற்குப் பொய்க் காரணம் வேண்டாம்.

நெய் நுரையை அடக்கிப் பொங்கி வழிவதைத் தடுக்கும், இது உண்மை. ஆயின் நீரில் ஊற்றிய நெய் மேலேதான் மிதக்கும்; அடியிலுள்ள பருக்கைகளை அது பூசுவதில்லை. பூச வேண்டுமாயின், நீர் ஊற்றும் முன் வடித்த அரிசியை நெய்யில் இலேசாகப் புரட்டவேண்டும். பருக்கைகள் பிரிந்து நிற்பதற்கு முதன்மையான காரணம் அரிசியின் உள்ளமைப்பே. மாவுப் பொருளில் அமைலோஸ் என்னும் கிளையற்ற சங்கிலி வகை பாசுமதியில் 20 முதல் 25 விழுக்காடு வரை உண்டு. ஒட்டும் அரிசி வகைகளில் அது மிகச் சொற்பம். நெய் அந்த அமைப்பை மாற்றாது.

தீயைப் பற்றிக் குறிப்பு வாய் திறக்கவில்லை. 1 கிராம் நீரை 30° செ.-லிருந்து 100° செ. வரை சூடாக்க 70 கலோரி போதும். அதே 1 கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். கொதி வந்தபின் தீயைப் பெரிதாக்கினால் நீரின் வெப்பநிலை ஒரு டிகிரியும் ஏறாது. ஆவி மட்டும் பெருகும். அதாவது c பெருகும், எரிவாயு வீணாகும். ஆகவே 'சிம்' என்பது சிக்கனத்துக்கான சொல் மட்டும் அன்று. அளவு பொய்க்காமல் இருப்பதற்கான நிபந்தனையும் அதுவே.

12 நிமிடம் என்பதும் இடத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் 93° செ. அளவிலேயே கொதித்துவிடும். சென்னையில் எழுதிய குறிப்பை அங்கே அப்படியே பின்பற்றினால் சோறு நடுவில் விறைக்கும்.

விசில் ஒரு கடிகாரமா?

குக்கரின் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும்போது நீர் 120° செ. அளவில் கொதிக்கிறது. மேலுள்ள எடை தூக்கப்பட்டு ஆவி வெளியேறுவதே விசில். எத்தனை நிமிடத்தில் விசில் வரும் என்பது தீ, குக்கரின் கொள்ளளவு, உள்ளேயுள்ள நீர் ஆகியவற்றைச் சார்ந்தது. என் வீட்டு ஒரு விசிலும் உங்கள் வீட்டு ஒரு விசிலும் ஒன்றல்ல. விசில் எண்ணிக்கையை நேரமாகக் கொள்வது, பேருந்து நிறுத்தங்களை எண்ணித் தூரம் கணிப்பது போன்றது.

விசில் வந்தவுடன் எடையைத் தூக்கி ஆவியை வெளியேற்றும் வழக்கம் பாசுமதிக்கு ஆகாது. 120° செ.-ல் உள்ள நீர், அழுத்தம் நீங்கியவுடன் 100° செ.-க்கு இறங்கவேண்டும். கிராமுக்கு 20 கலோரி வெளிப்படும். அந்த வெப்பத்தில் நீரில் 27-ல் ஒரு பங்கு நொடிப்பொழுதில் ஆவியாகும். 1 கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மி.லி. இடம் கேட்கும். இது மென்மையான பருக்கைக்குள்ளேயே நிகழ்கிறது. பருக்கை வெடித்து விரியாமல் இருக்குமா? அழுத்தம் தானாக அடங்கும்வரை பொறுப்பதே முறை.

மணம்: தட்டிலா, தெருவிலா?

பாசுமதியின் மணத்துக்கு முதன்மையான காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்னும் சேர்மம். மணமுள்ள அரிசிகளில் இதனை 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலார் ரான் பட்டெரியும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். ஆயிரம் கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு இருந்தாலே நம் மூக்கு அதை அறிந்துகொள்ளும். இலங்கைச் சமையலில் இடும் ரம்பை இலையின் மணமும் இதே சேர்மத்தால் வருவதே.

இது எளிதில் ஆவியாகும் பொருள். சமைக்கும்போது வீடெல்லாம் மணக்கிறது என்று மகிழ்கிறோம். வீட்டில் பரவிய மணம் சோற்றிலிருந்து புறப்பட்டுப் போன மணம் அல்லவா? மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும், பெருந்தீயில் கொதிக்க விடுவதும், நீண்ட நேரம் வேகவிடுவதும் மணத்தை விரட்டும் வழிகள். ஊற வைத்து நேரத்தைக் குறைப்பதன் மற்றொரு பயன் இப்போது விளங்கும்.

'பழைய அரிசியாயின் மணம் கூடும்' என்ற வரி பாதி உண்மை, பாதி பிழை. ஓராண்டு, ஈராண்டு வைத்திருந்த அரிசி குழையாமல், ஒட்டாமல், நன்கு நீண்டு வேகும், இது மெய். ஆனால் சேமிப்பின்போது மேற்சொன்ன சேர்மம் குறைகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பழமை தருவது உதிரித் தன்மையை, மணத்தை அன்று.

குறிப்பு சொல்லாமல் விட்ட வரி

அடுப்பை அணைத்தபின் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விடவேண்டும் என்ற வரி அந்தத் தாளில் இல்லவே இல்லை. அணைத்தவுடன் பருக்கையின் வெளிப்புறம் ஈரமாகவும் மிக மென்மையாகவும் இருக்கும். கரண்டி பட்டால் ஒடியும். பத்து நிமிடத்தில் ஈரம் சமமாகப் பரவும். சூடு தணியத் தணிய மாவுப் பொருள் சற்று இறுகிப் பருக்கைக்கு வலு வரும். மூடியின் அடியில் ஒரு காய்ந்த துணியை வைத்தால், அங்கே குளிர்ந்து துளியாகும் நீர் சோற்றின் மேல் சொட்டாது. தீயை அணைத்தபின்பே துணி வைக்கவேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

தீர்ப்பு

ஆக, நம் மூலநூலில் ஊறல் பற்றிய வரி சிறப்பு. நெய் பற்றியதும் பழைய அரிசி பற்றியதும் பாதி சரி. உப்பும் விசிலும் தேறவில்லை. நீர் அளவு ஒரு கப்புக்கு மட்டும் சரி. பிழையைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு: தன் எல்லையை அது சொல்லவில்லை. எந்த அரிசி, எந்தப் பாத்திரம், எத்தனை கப் வரை என்று சொல்லாத விதி, தவறும்போது பழியைத் தன்மேல் ஏற்காமல் சமைப்பவர் மேல் தள்ளிவிடுகிறது. கைப்பக்குவம் என்ற சொல் பாராட்டாக வரும்போது அழகு. குறிப்பின் பிழையை மூடும் திரையாக வரும்போது அநீதி.

1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் தம் சமையல் நூலுக்கு 'சமைத்துப் பார்' என்று பெயரிட்டார். செய்து பார், பிறகு நம்பு என்பதுதானே ஆய்வுக்கூடத்தின் விதியும்! நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் பாத்திரத்தில் மூன்று கப் நீரைக் கொதிக்க வைத்து, மூடி, 'சிம்'மில் 12 நிமிடம் விட்டு, ஆறியபின் மீதியை அளந்து பாருங்கள். குறைந்த அளவே ஏறத்தாழ உங்கள் c. ஊறி வடித்த அரிசிக்குக் கப்புக்கு ஒரு கப் நீரும், அதனுடன் இந்த c-யும் ஊற்றுங்கள். அரிசிக்கு ஏற்ப முதல் எண்ணைச் சிறிது கூட்டியோ குறைத்தோ திருத்திக்கொள்ளுங்கள்.

சென்ற பொங்கலுக்கு மறுநாள் உறவினர் பதினெட்டுப் பேர் வந்தனர். நான் இந்தக் கணக்கைக் காட்டியபின், நெடுநாளைக்குப் பிறகு அம்மா பெரிய பாத்திரத்தை இறக்கினார். ஒன்பது கப் அரிசி, பதினொரு கப் நீர். சோறு உதிரி உதிரியாக வந்தது. மேலே ஒரு கைப்பிடி அளவு மட்டும் சற்று விறைப்பு. அடுத்த முறை அரைக் கப் கூட்ட வேண்டும் என்று குறித்துக்கொண்டோம். அம்மா ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ அளவுதான் தப்பா? இத்தனை நாளா என் கையைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

அலமாரிக் கதவில் பழைய தாள் இன்னும் இருக்கிறது. அதன் கீழே பென்சிலால், அம்மாவின் கையெழுத்தில், '+ ஆவி' என்று எழுதியிருக்கிறது.